வீட்டெல்லையும் வேட்டையும்

1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாகாணத்தில், ஹெர்மன் என்னும் சிற்றூரில், இரட்டைக் குழந்தைகளின் தாயாகிய ஒரு பெண் வெண்ணிறக் கையுறை அணிந்து தன் வீட்டின் பின்புறத்தே நின்றாள். அந்நாட்டு மானின் வால் அடிப்புறத்தில் வெண்மையாயிருக்கும். அஞ்சி ஓடுங்கால் மான் அதனை உயர்த்தும். அருகே வேட்டையாடிய ஒருவன் கையுறையின் வெண்மையை வாலென மயங்கிச் சுட்டான். அவள் உயிர் நீத்தாள். 1990இல் ஜூரிமார் அவனைக் குற்றவாளியல்லன் என விடுவித்தனர். வேட்டைக் காலத்தில் கண்ணில் தெளிவாய்ப் படும் செம்மஞ்சள் உடை அணியாது வெளியே வந்தது அப்பெண்ணின் பிழையே எனக் கூறினோரும் உளர்.

தன் வீட்டுக் கொல்லையில் நிற்பவள் வேட்டைக்காரனுக்கு அஞ்சி உடை அணிதல் வேண்டுமோ? அன்றி வேட்டைக்காரனே வீடுகளை விட்டு விலகி நிற்றல் வேண்டுமோ? இவ்வினாவிற்குச் சட்டம் அளிக்கும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

பண்டை இங்கிலாந்தில் வேட்டையுரிமை பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்கே உரியதாயிருந்தது. அமெரிக்காவிற் குடியேறியோர் அம்முறையை வெறுத்தனர். காட்டு விலங்கு ஜனங்கள் அனைவர்க்கும் பொதுவென்பது அவர்தம் கொள்கை. 1777ஆம் ஆண்டின் வெர்மாண்ட் அரசியலமைப்பு, தம் நிலத்தில் மட்டுமன்றி வேலியிடப்படாத பிறர் நிலத்திலும் தக்க காலங்களில் வேட்டையாடும் சுதந்திரத்தை ஜனங்களுக்கு அளித்தது. காடு மிக்கும் வீடு குறைந்தும் இருந்த நாளில் இதனால் இடர் பெரிதில்லை. வீடுகள் பெருகிக் காட்டின் ஓரம் வரை சென்றபோதோ, ஒருவனது சுதந்திரம் மற்றொருவனது உயிருக்கு ஆபத்தாயிற்று.

ஆகவே பல மாகாணங்கள் கட்டடங்களைச் சுற்றி ஒரு காப்பெல்லை வகுத்துள்ளன. நியூயார்க்கில் வீடு, பள்ளி, தொழிற்சாலை, தேவாலயம் முதலியவற்றிற்கு 500 அடிக்குள் துப்பாக்கி சுடலாகாது. பென்சில்வேனியாவில் இத்தொலைவு 150 கஜம். மெய்னில் 100 கஜம். அம்பெய்து வேட்டையாடுவோர்க்கு எல்லை சிறிது. நியூயார்க்கில் வில்லுக்கு 150 அடியும், பென்சில்வேனியாவில் பெரும்பாலும் 50 கஜமுமே விதி. அம்பு நெடுந்தூரம் செல்லாமை இதற்கு ஒரு காரணம். நகர்ப்புறங்களில் மான்கள் மிகுந்து தோட்டங்களை மேய்வதும் மோட்டார் வண்டிகளோடு மோதுவதுமாயிருத்தலின், அங்கே அவற்றைக் குறைக்க வழி விடுதல் மற்றொன்று.

இச்சட்டங்களில் நாம் நோக்கற்பாலன இரண்டு. முதலாவது, தொலைவு அளக்கப்படுவது நிலத்தின் எல்லையிலிருந்து அன்று, கட்டடத்திலிருந்தே. எனவே தன் சொந்த நிலத்தில் நிற்பவனும், அயலான் வீடு அவ்வெல்லைக்குள் இருப்பின், அவன் இசைவின்றிச் சுடுதல் குற்றமாகும். நிலம் தன்னது என்பது மட்டும் போதாது. இரண்டாவது, பென்சில்வேனியாவில் இசைவளிக்கும் உரிமை கட்டடத்தில் முறைப்படி குடியிருப்போனைச் சார்ந்தது. வாடகைக் குடிசையில் வாழும் ஏழையாயினும், தன் வாயிலருகே துப்பாக்கி வேண்டா என்று கூற அவனுக்கு உரிமையுண்டு. சட்டம் காக்கக் கருதியது மண்ணையன்று, மனிதரையே என்பது இதனாற் புலனாம்.

ஆயினும் ஒரு ஐயம் எழும். மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு இரண்டு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. சிறு விலங்கு வேட்டைக்குரிய சிறு துப்பாக்கியின் குண்டும் ஒரு மைலைக் கடக்கும். அவ்வாறாயின் 500 அடி எங்ஙனம் காக்கும்? குண்டின் ஆற்றலை அளந்து வகுத்த எல்லையன்று இஃது. வீட்டுக்கு அணித்தே மனிதர் எந்நேரமும் நடமாடுவர், குழந்தைகள் விளையாடுவர், ஆதலின் அவ்விடத்தை வேட்டைக்களமாகக் கருதாதே என்று சட்டம் விடுக்கும் எச்சரிக்கையே அது. எல்லைக்கு அப்பால் நின்று வீட்டின் திசை நோக்கிச் சுடுபவனை அளவுகோல் தடுத்துவிடாது.

இக்குறையை நிறைக்க மெய்ன் மாகாணம் 1991இல் வேறொரு சட்டம் இயற்றியது. வேட்டைக்காரன் தன் இலக்கு தான் தேடும் விலங்கே என்பதை ஐயமறத் தெளிந்த பின்னரே சுடல் வேண்டும். அதன் தலையையும் உடலையும் பெரிதும் மறைவின்றிக் காணல் வேண்டும். ஓர் ஒலியோ, அசைவோ, நிறமோ மட்டும் கண்டு சுடலாகாது. வெண்மையை மாத்திரம் கண்டு சுட்டமையால் நேர்ந்த துன்பத்தின் பின் எழுந்த விதி இது. இதனாற் பொறுப்பு முழுவதும் துப்பாக்கி ஏந்தியவன்மேல் வைக்கப்பட்டது. கையுறை அணிந்தவள்மேல் அன்று.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடை செய்துள்ளமையின், இவ்வழக்கு நமக்குப் புதிதாகத் தோன்றலாம். எனினும் தன் நிலத்தில் தான் செய்வது தன் விருப்பமே என்னும் சொல் நம்மிடையும் அடிக்கடி கேட்கப்படுவதன்றோ? அயலான் கொல்லையில் யார் நிற்கின்றார் என்று முதலில் நோக்கிய பின்னரே அச்சொல்லைச் சொல்லக் கடவோம்.