அகராதியைப் புரட்டுங்கள்!

"ஏதாவது புது யோசனை சொல்லுங்களேன்!" என்று மானேஜர் கேட்டவுடன் ஆபீஸில் ஒரு நிசப்தம் நிலவுமே, அதை அனுபவிக்காத உத்தியோகஸ்தர் உண்டா? மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன மாதம் சொன்னதையே மறுபடியும் சொல்வார்.

பாவம், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனத்தின் சுபாவமே அப்படி. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைத் தம் மனத்திலேயே சோதித்துப் பார்த்தார். 75 சொற்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பது, உடனே என்ன தோன்றுகிறது என்று குறிப்பது, அதற்கு ஆன நேரத்தையும் கணக்கிடுவது. ஏறக்குறைய ஒரு மாதம் இடைவெளி விட்டு, இப்படி நான்கு தடவை செய்தார். 660 விநாடிகளில் 505 எண்ணங்கள் தோன்றின. பேஷ்! ஆனால் வந்ததே திரும்ப வந்ததைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவை 289 தான். நாடக மேடையில் ஊர்வலக் காட்சி என்றால், ஒரு பக்கம் மறைந்த ஆட்களே பின்புறமாகச் சுற்றி வந்து மறு பக்கம் தோன்றுவார்கள் அல்லவா? தம் எண்ணங்களும் அந்த ரகந்தான் என்று 1879-ல் அவர் எழுதினார்.

ஆகவே, மனத்துக்குப் பிடித்த சொல்லை மனமே பொறுக்கினால் பழைய ஊர்வலந்தான் நடக்கும். சொல் வெளியிலிருந்து வரவேண்டும். மால்ட்டா தீவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ கற்றுக்கொடுத்த யுக்தி இதுதான். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். அல்லது 60 சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, கடிகாரத்தின் விநாடி முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தச் சொல்லை எடுக்கலாம். நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும்போது அவர் காட்டிய சொல், 'மூக்கு'! மூக்கு என்றதும் வாசனை. இயந்திரத்தில் ஏதாவது குறை நேர்ந்தால் அதற்கேற்ற வாசனை வீசட்டுமே என்று ஒரு யோசனை பிறந்துவிட்டது.

இந்த வேலையை முதலில் தனியாகவே செய்யுங்கள். 1958-ல் யேல் சர்வகலாசாலையில் நடந்த பரிசோதனையில், நால்வர் கூடி யோசித்ததைவிட நால்வர் தனித்தனியே யோசித்ததுதான் அதிகப் பலன் தந்தது.

உங்கள் ஆபீஸில் பத்து மணிக் கூட்டத்துக்கு எல்லாரும் பத்தேகாலுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகராதியைப் பிரித்தால் 'கிணறு' என்று வருகிறது. "இதென்ன அபத்தம்! வேறு சொல் எடுப்போம்" என்று கை பரபரக்கும். எடுக்கக்கூடாது. நமக்குப் பிடித்தது வரும் வரையில் எடுத்துக்கொண்டே இருப்போம்!

கிணறு... கயிறு... வாளி... சரிப்படவில்லை. கோடைக் கிணற்றில் விடியற்காலையில் வந்தவருக்குத் தெளிந்த தண்ணீர். தாமதமாக வந்தவருக்குக் கலங்கல். அடடே! தீபாவளிக்கு முந்தின நாள் யார் யாருக்கு லீவு என்பதைப் பத்து மணிக்கு முதல் விஷயமாக எடுத்துக்கொண்டால், பத்தேகாலுக்கு யார் வருவார்கள்?