புயலுக்கு மறுநாள் பனிமலையைப் படிப்பது

கொலராடோவின் பெர்தூட் கணவாய் கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பனிப்புயல் ஓய்ந்து வானம் தெளிந்ததும், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பனிச்சறுக்குப் பலகைகளோடு மலையேறக் கிளம்புகிறவர்கள் அங்கே பலர். எந்தச் சரிவு தாங்கும், எது பெயரும் என்பதை அவரவர்தான் கணிக்க வேண்டும்.

எவ்வளவு பனி பெய்தது என்றே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று. அது மலைமுகட்டின் மேற்குப் பக்கத்துப் பனியை வாரிக் கிழக்குச் சரிவில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்றால் பனியைக் குவிக்க முடியும். பனிப்பொழிவு நின்ற பின்பும் காற்று வீசினால் சுமை ஏறிக்கொண்டே போகும். உருண்டு வரும்போது பனிப்படிகங்கள் நொறுங்கிப் பொடியாகி, ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டிப்படுகின்றன. இப்படி உருவாகும் கெட்டியான அடுக்கைப் பனிப்பலகை என்று சொல்லலாம். ஓரிடத்தில் விரிசல் விட்டால் முழுப் பலகையும் ஒரே வீச்சில் கிளம்பிவிடும்.

ஆனால் பலகை வழுக்கிப்போக அடியில் பலவீனமான அடுக்கு ஒன்று வேண்டும். கொலராடோவின் தொல்லை இதுதான். அக்டோபர், நவம்பரில் விழும் முதல் பனி மெல்லியதாகத் தரையில் கிடக்கிறது. தரை கிட்டத்தட்ட 0 பாகை செல்சியஸ். மேலே இரவுக் காற்றோ கடுங்குளிர். இந்த வெப்ப வேறுபாட்டால் நீராவி அடியிலிருந்து மேலே ஏறி, படிகங்களைச் சர்க்கரைபோல் ஒட்டாத பருமணிகளாக்கிவிடுகிறது. அதன்மேல் மாதக்கணக்கில் சுமை ஏறுகிறது. ஆரம்பப் பனி இப்படிப் பலவீனமாகக் கிடந்த 2020-21 குளிர்காலத்தில் அந்த மாநிலத்தில் மட்டும் 12 பேர் பனிச்சரிவுகளில் இறந்தார்கள்.

மலை அடையாளம் காட்டாமல் இருப்பதில்லை. முகட்டில் காற்றின் திசையில் நீண்டு தொங்கும் பனி விளிம்பு, அதன் கீழே பனி குவிந்திருப்பதைச் சொல்கிறது. காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, பனி 'வும்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ பலவீன அடுக்கு அப்போதே உடைந்துகொண்டிருக்கிறது. உடனே திரும்பிவிட வேண்டும்.

குழி தோண்டிச் சோதிப்பதும் உண்டு. 90 சென்டிமீட்டர் அகலம், சரிவின் மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் கொண்ட பனித்தூண் ஒன்றை வெட்டி, ஒரு முனையில் மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தூணின் மறுமுனைவரை ஓடினால் அந்தச் சரிவு ஆகாது. ஓடாவிட்டால் பத்திரம் என்று பொருளல்ல. இருபதடி தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம். போகக் கூடாது என்று முடிவெடுக்க மட்டுமே இச்சோதனையை நம்புவேன்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அளவை 1 முதல் 5 வரை அறிவிக்கிறது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்பது தவறு. உயிரிழப்புகள் மிகுதியாக நேர்வது அந்த நிலையில்தான். 4, 5 என்றால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பீக்கன் எனும் ரேடியோ கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும். ஆனாலும் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சட்டென்று சரிந்துவிடுகிறது.

எனக்கு நம்பிக்கை தரும் தகவல் ஒன்று உண்டு: சிக்கி இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் விஷயத்தில், பனிச்சரிவைக் கிளப்பியது அவரோ கூட வந்தவரோதான். ஆகவே தவிர்க்க வழி இருக்கிறது. பனிப்பலகைகள் பெயர்வது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில். சாய்வை அளக்கக் கைபேசியே போதும். புயலுக்குப் பிந்தைய நாள்களில் 30 பாகைக்குக் கீழேயே சறுக்கலாம், தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு. அடியில் அந்தப் பருமணிப் பனி இருந்தால், சமதளத்தில் நடப்பவரின் எடைகூட மேலேயுள்ள சரிவின் பலகையைப் பெயர்த்துவிடலாம்.