நடைபாதையில் குடியிருக்கும் ஹனோய்

காலை எட்டு மணிக்கே தகரம் தட்டும் சத்தம் தொடங்கிவிடுகிறது. வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகரத்தில் ஹாங் தியெக் என்றொரு தெரு. ‘ஹாங்’ என்றால் சரக்கு, ‘தியெக்’ என்றால் தகரம். கடைக்குள்ளே புனல்களும் பெட்டிகளும் கூரை வரை தொங்குகின்றன. வேலை நடப்பதோ வெளியே, நடைபாதையில். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர், தகட்டைக் கத்தரித்தார். இரும்புக் குழாயின் மேல் வைத்து வளைத்தார். இரண்டு விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கொட்டாப்புளியால் தட்டி இறுக்கினார். புகைபோக்கி தயார். அவரைத் தாண்டிப் போக நான்தான் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. மனமார இறங்கினேன்.

36 தெருக்கள் என்று பேர் பெற்ற பகுதி இது. ஹாங் பாக் வெள்ளி வேலைக்கு, ஹாங் மா முன்னோருக்கு எரித்துப் படைக்கும் காகிதப் பொருள்களுக்கு, லோ ரென் கொல்லர் உலைக்கு. ஒரே தொழில்காரர்கள் ஒரே தெருவில் குடியேறியதால் வந்த பெயர்கள். பல தெருக்களில் இன்று பெயர் மட்டுமே மிச்சம். தகரத் தெருவில் சத்தமும் மிச்சமிருக்கிறது.

இங்கே பல வீடுகளின் முகப்பு 3 மீட்டர்தான் இருக்கும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். அந்தக் குழாய் போன்ற வீட்டை நாலைந்து குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும்போது, வெளிச்சமும் காற்றும் கிடைக்கிற இடம் வாசல் ஒன்றுதான். அதனால்தான் கீரை ஆய்வது, பாத்திரம் கழுவுவது, முடி வெட்டுவது, பேரனுக்குச் சோறூட்டுவது எல்லாம் தெருவில். இதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஊரின் முட்டைக் காபிகூட நெருக்கடியில் பிறந்ததுதான். 1946-ல் பால் கிடைக்காத நேரத்தில் நுயென் வான் ஜாங் என்பவர் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காபியின் மேல் ஊற்றினார். இன்றும் ஆறிவிடாமல் இருக்க, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் கோப்பையை நிறுத்தித்தான் தருகிறார்கள்.

சாலையைக் கடக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தோளில் காவடி போலக் கழி சுமந்த ஒரு பெண். இரண்டு முனைகளிலும் கூடை, கூடை நிறையக் கொய்யா. மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாக வருகின்றன. அவர் நிற்கவில்லை, ஓடவுமில்லை. ஒரே சீராக நடந்தார். வண்டிகள் அவரைச் சுற்றி விலகிப் போயின. அவர் நிழலாகவே ஒட்டிக்கொண்டு நானும் கடந்தேன்.

இப்படிக் கூடை சுமப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வயலில் வேலை இல்லாத நாட்களில் நகரத்துக்கு வந்து, கிடைத்த அறையில் பலராகப் படுத்துறங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். 2008-ல் நகர நிர்வாகம் 62 தெருக்களில் இவர்கள் விற்கத் தடை போட்டது. 2017-ல் நடைபாதைகளைக் காலி செய்யும் நடவடிக்கையும் வந்தது. நடக்க இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களைத் துடைத்துவிட்டுக் கிடைக்கும் நடைபாதையில் நடந்து எதைப் பார்க்கப் போகிறோம்?

மாலையில் ஒரு தேநீர்க்காரம்மாவிடம் ஐஸ் போட்ட தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அதிகாரிகளின் வண்டி தெரிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் எழுந்தார்கள். ஸ்டூல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வீட்டுக்குள் போய்விட்டன. என் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரை மட்டும் அந்த அம்மா வாங்கவில்லை. நிதானமாகக் குடி என்று கையால் சாடை காட்டினார். வண்டி போனதும் முதல் ஸ்டூலை எனக்குத்தான் போட்டார்.