பதினைந்து நாள் நோட்டீஸ்

2013 நவம்பரில் கத்தாரில் சிக்கியிருந்த ஒரு கால்பந்து வீரர் சிதானுக்கும் கார்டியோலாவுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார். பெயர் சாஹிர் பெலூனிஸ். அல்ஜீரிய வம்சாவளி பிரெஞ்சுக்காரர், அல் ஜெய்ஷ் அணிக்கு ஆடியவர். சம்பள பாக்கி கேட்டு வழக்குப் போட்டதால் நாட்டைவிட்டுப் போக அனுமதி கிடைக்கவில்லை என்பது அவருடைய முறையீடு. அன்றைய கஃபாலா முறையில், கட்டடத் தொழிலாளியைப் போலவே மைதானத்தில் ஓடுகிறவரும் முதலாளியின் சம்மதமின்றி விமானம் ஏற முடியாது. செய்தி உலகெங்கும் பரவிய பிறகு, அந்த மாத இறுதியில்தான் அவர் வெளியேறினார். 2018 முதல் கத்தார் இந்த அனுமதிமுறையைப் படிப்படியாக விலக்கிக்கொண்டது.

பெலூனிஸுக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. வெளிநாட்டில் ஆடும் பலர் இரண்டாம், மூன்றாம் டிவிஷன்காரர்கள். அவர்களுக்குத் துணை, கையில் இருக்கும் காகிதம் மட்டுமே.

கையெழுத்துப் போடும்போது பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பதிவாகும் ஒப்பந்தத்திலும் மீதியை ‘பட உரிமை’ என்று தனித் தாளிலும் எழுதுவார்கள். தகராறு வந்தால், அந்த இரண்டாவது தாளை ஃபிஃபா தீர்ப்பாயம் பெரும்பாலும் கையில் எடுக்காது. அதே போல, ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம். பரிசோதனையையோ வேலை அனுமதியையோ காட்டி ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருவதில்லை.

சம்பளம் நின்றுவிட்டால்? ‘அடுத்த வாரம் வந்துவிடும் தம்பி’ என்பார்கள். அடுத்த வாரம் சீசன் முடிந்திருக்கும். 2018-ல் வந்த ஃபிஃபா விதி இதற்காகத்தான்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். பணம் வராவிட்டால் வீரர் தகுந்த காரணத்தோடு விலகலாம், இழப்பீடும் கேட்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் பெட்டியைக் கட்டினால் கதை தலைகீழாகி, ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பழி வீரர்மேல் விழக்கூடும். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, மின்னஞ்சலுக்கு உண்டு. சிலரைத் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்லி, அவர்களாகவே ஓடிப்போகும்படி செய்வார்கள். அதுவும் விதிமீறல்தான், தேதி போட்டுக் குறித்துவைப்பது நல்லது.

வெளிநாட்டு வீரர் என்பதால் ஃபிஃபாவின் தகராறு தீர்வு அறைக்கு நேரடியாகப் போகலாம். வீரருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2 ஆண்டு தாண்டினால் வழக்கு செல்லாது. தீர்ப்பு வந்தும் 45 நாளில் கட்டாத கிளப், புது வீரர்களைப் பதிவுசெய்ய முடியாமல் மூன்று பதிவுக் காலம் வரை முடங்கலாம். கிளப்புகள் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான். தீர்ப்பு பிடிக்காவிட்டால் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு 21 நாளுக்குள் போக வேண்டும். அங்கே செலவு அதிகம்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் விஷயம் தனி. பெற்றோர் கால்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் தவிர, அவர்களை வேறு நாட்டு கிளப்புக்கு மாற்றவே கூடாது. மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்களை ‘டிரயல்ஸ்’ என்று சொல்லிக் கூட்டிப்போய், வீட்டை விற்ற பணத்தையும் வாங்கிக்கொண்டு, ஐரோப்பிய நகரத் தெருவில் விட்டுவிட்டு மறையும் ‘ஏஜென்ட்’ கதை பழையது. முன்னாள் கேமரூன் வீரர் ஜான்-குளோட் எம்வூமின் பிரான்சில் ஃபுட் சோலிடேர் அமைப்பைத் தொடங்கியதே இப்படித் தவித்தவர்களுக்காகத்தான். ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் உண்டா என்பதை இணையத்திலேயே பார்த்துவிடலாம். டிரயல்ஸுக்கு முன்பணம் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ஒரு தந்திரம்: கடனாளி கிளப்பைக் கலைத்துவிட்டு, அதே ஊரில் புதுப் பெயரில் தொடங்குவார்கள். ஜெர்சி நிறம், மைதானம், முதலாளிகள் எல்லாம் பழையவையாக இருந்தால், பழைய கடனையும் புதிய கிளப்தான் சுமக்க வேண்டும் என்று ஃபிஃபா சொல்லிவிடலாம். அதனால் கிளப் மூடிய பிறகும், பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.