தண்ணீரைக் குடித்துக் கல்லாகும் பொடி

பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மோனியே என்றொரு தோட்டக்காரர் இருந்தார். அங்கே ஆரஞ்சு மரங்களைப் பெரிய தொட்டிகளில் வளர்ப்பார்கள். குளிர்காலம் வந்தால் தொட்டியோடு தூக்கிக் கண்ணாடிக் கூடத்துக்குள் வைக்க வேண்டும். மண் தொட்டி தூக்கும்போது உடைந்தது. மரத்தொட்டி ஈரத்தில் மக்கியது. வெறும் சிமென்டில் செய்த தொட்டியோ விரிசல் விட்டது. மோனியே யோசித்தார். கம்பி வலையைத் தொட்டி வடிவத்தில் வளைத்து, அதன்மேல் சிமென்ட் கலவையைப் பூசினார். அது தாங்கியது! 1867இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1875இல் ஷாஸ்லே என்ற ஊரில் அதே முறையில் ஒரு பாலமே கட்டினார். இன்று ஊரெங்கும் கம்பி கட்டி கான்கிரீட் போடுகிறார்களே, அந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த கதையில் பூந்தொட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது பலர் வீட்டிலேயே கான்கிரீட்டில் குட்டித் தொட்டி, பேனா வைக்கும் குவளை, விளக்குத் தட்டு என்று அழகழகாக வார்க்கிறார்கள். அதற்கு வீடு கட்டும் கலவை உதவாது. தளம் போடும் ஜல்லி 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். குட்டித் தொட்டியின் சுவரோ 10 மில்லிமீட்டர்தான்! ஜல்லி எங்கே போய் நுழையும்? அதனால் ஜல்லியை விட்டுவிட்டு, சலித்த நைஸ் மணலும் சிமென்டும் சேர்த்துத் தனிக் கலவை தயாரிக்கிறார்கள்.

சரி, குழைவாக இருந்த கலவை எப்படிக் கல்லாகிறது? “காய்ந்துதான்” என்று சொல்வீர்கள். காய்வதால் இல்லை, தம்பி தங்கைகளே! காய்ந்து இறுகுவதாக இருந்தால், ஆற்றுக்குள் பாலத் தூண் எப்படி இறுகும்? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்த பொடிதான் சிமென்ட். தண்ணீர் பட்டதும் அந்தப் பொடி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு புதுப் பொருளாக மாறுகிறது. இழை இழையாக, நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற அளவில் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் இருக்கும் மணலையும் இறுக்கிப் பிடிக்கிறது. அப்போது வெப்பமும் வெளிவரும். இந்த வேதிவினை பல நாள்கள் நடக்கும். கட்டடப் பொறியாளர்கள் கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது இதனால்தான். புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதற்காகத்தான். பாதியில் தண்ணீர் தீர்ந்தால் வேலை நின்றுபோகும்.

அப்படியானால் நிறையத் தண்ணீர் ஊற்றினால் நல்லதுதானே? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வேதிவினையில் சிமென்ட் கட்டிப்போடும் தண்ணீர், சிமென்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆனால் அவ்வளவு குறைவாக ஊற்றினால் கலவை உதிரியாக நிற்கும். அச்சின் மூலைகளுக்குள் போகாது. தாராளமாக ஊற்றினால் நன்றாக ஓடும். ஆனால் மிச்சத் தண்ணீர் பின்னால் ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். பொருள் பலவீனமாகும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ‘சூப்பர் பிளாஸ்டிசைசர்’ என்ற திரவத்தைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். சிமென்ட் துகள்கள் கட்டியாகச் சேர்ந்து, நடுவில் தண்ணீரைச் சிறைபிடித்து வைக்கும். இந்தத் திரவம் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலக வைக்கிறது. சிறைபட்ட தண்ணீர் வெளியே வருகிறது. குறைந்த தண்ணீரிலேயே கலவை ஓடும். எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இது.

மெல்லிய பொருளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கான்கிரீட்டை அழுத்தினால் பிரமாதமாகத் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ சீக்கிரம் விரிசல் விடும். மோனியே கம்பி வைத்தது அந்த இழுவையைத் தாங்கத்தான். ஆனால் விரல் கனமே உள்ள தட்டுக்குள் கம்பி வைக்க முடியுமா? அதனால் கண்ணாடி இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கலக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி இழை என்றால், சிமென்டில் உள்ள காரம் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். சிர்கோனியா சேர்த்த தனி வகைக் கண்ணாடி இழைதான் அந்தக் காரத்தை எதிர்த்து நிற்கும்.

எடை குறைய வேண்டுமா? பெர்லைட் சேர்க்கலாம். இது எரிமலையிலிருந்து வந்த ஒருவகைக் கண்ணாடிப் பாறை. உள்ளே கொஞ்சம் நீர் இருக்கும். உலையில் சூடாக்கினால் அந்த நீர் ஆவியாகி, நெல் பொரிவதுபோலப் பாறைத் துணுக்கு பொரிந்து வெள்ளையாக உப்பும். வலிமை குறையும் என்றாலும், சுவரில் மாட்டும் பொருளுக்கு அது போதும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு பொடிகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. காரமும் வெயிலும் அவற்றை வெளுக்க வைக்காது. மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் சிமென்டில் நிற்காது.

பளபளப்புக்கு ஆத்தங்குடி போக வேண்டும். காரைக்குடிப் பக்கம் உள்ள அந்த ஊரில், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணல் சிமென்ட் கலவையை இட்டு, கையாலேயே தரைக் கற்கள் செய்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறவைத்து இறுக வைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடி போலவே வழவழப்பாக வரும். சிமென்ட் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால், எந்தப் பரப்பைத் தொட்டு இறுகுகிறதோ அதை அப்படியே பிரதி எடுத்துவிடும். இலையின் மேல் ஊற்றினால் நரம்பு வரை பதியும்.

செய்து பார்க்க ஆசையா? பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஈரச் சிமென்ட் சோப்பைவிடப் பல மடங்கு காரமானது. தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பேராபத்து. ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் பையைப் பிரிக்காதீர்கள். எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 கிராம் சிமென்ட், 150 கிராம் சலித்த மணல். முதல் கலவைக்கு 45 மில்லி தண்ணீர். இரண்டாவதற்கு 75 மில்லி. கிண்ணத்தில் ஊற்றி, காற்றுக் குமிழ் மேலே வரும்வரை பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து ஒரு வாரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். உள்ளிருந்து வந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டாவது அது.

28ஆம் நாள் இரண்டையும் ஓர் ஆணியால் ஒரே அழுத்தத்தில் கீறுங்கள். எதில் அதிகப் பொடி உதிர்கிறது என்று பார்த்து, ஏன் என்பதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.