70 கொண்டை ஊசி வளைவு, 12 மணி நேர ஷிஃப்ட்: கொல்லிமலை 108 ஊழியரின் பையில் என்னென்ன இருக்கணும்?

108 ஆம்புலன்ஸுக்குள் என்ன இருக்கும்னு கேட்டா பலரும் சொல்லிடுவோம். ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர், மருந்துகள், பிரசவத்துக்கான பொருட்கள். இவை எல்லாமே நோயாளிக்கானவை. அதே வண்டியில் 12 மணி நேரம் வேலை பார்க்கும் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களேதான் கொண்டு வரணும். சமவெளியில் எதையாவது மறந்துட்டா அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கலாம். மலையில் அது நடக்காது.

கொல்லிமலையில் அப்படி என்ன சிக்கல்?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்கு, அடிவாரமான காரவள்ளியில் இருந்து ஏறும் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் சிக்கலான கேஸ் என்றால் நாமக்கல் வரை இறக்கியாக வேண்டும். ஒரு கேஸை இறக்கிவிட்டு மீண்டும் மலையேறுவதற்குள் பாதி ஷிஃப்ட் போயிடும். இரவில் வழியில் ஒரு டீக்கடைகூட திறந்திருக்காது.

சரி, பையில் என்னதான் வைக்கணும்?

1. தண்ணீரும் கையில் பிடித்துச் சாப்பிடும் உணவும்

சாம்பார் சாதத்தைப் பிரித்து உட்கார நேரம் கிடைக்காமலே போகலாம். வாழைப்பழம், கடலை மிட்டாய், சப்பாத்தி ரோல் மாதிரி இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடியது நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றும் இருக்கட்டும். 1 லிட்டர் பாக்கெட் என்றால் முழுசா 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கணும், பாதி பாதியாகப் போடக்கூடாது. சாப்பாட்டுப் பை எப்போதும் முன் கேபினில்தான். நோயாளி படுத்திருக்கும் பகுதியில் ரத்தமும் வாந்தியும் பட்டிருக்கும், அங்கே சாப்பிடவே கூடாது.

ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டும். அந்த நாட்களில் வழக்கத்தைவிட ஒரு வேளை உணவு கூடுதலாக இருந்தால் நல்லது.

2. குமட்டலுக்கு என்ன வழி?

மருத்துவ உதவியாளர் பின்னால் உட்கார்ந்து நோயாளியையே பார்த்துக்கொண்டு வருகிறார். கண்ணுக்கு வண்டியின் உள்பக்கம் அசையாமல் தெரியும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வளைவை உணரும். இந்த முரண்தான் தலைசுற்றலுக்குக் காரணம். வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பது, நோயாளி சீராக இருக்கும்போது முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்ப்பது, குறிப்பு எழுதும் வேலையை நேரான பாதையில் வைத்துக்கொள்வது உதவும். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கைகொடுக்கும். வாந்திக் கவர் இரண்டு அவசியம்.

கவனம்: பயண வாந்திக்கான மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைப்பவை. ஓட்டுநர் அதைத் தொடவே கூடாது. உதவியாளரும் டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது.

3. ஹெட்லாம்ப், வாட்ச், பேனா

செல்போன் டார்ச்சைப் பிடித்தால் ஒரு கை போச்சு. நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தால் இரண்டு கையும் ஃப்ரீ. இருட்டு வீட்டில் பிரசவம் பார்க்கும்போது இதன் அருமை புரியும். நொடி முள் உள்ள வாட்ச் எதற்கு? நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ண. ரத்தம் பட்ட கையுறையோடு போனை எடுக்க முடியாதே! கழுவக்கூடிய ஸ்ட்ராப்பாக இருக்கட்டும், தோல் ஸ்ட்ராப் வேண்டாம். சிறிய நோட்டும் இரண்டு பேனாவும் போதும்.

4. மாற்று யூனிஃபார்ம், நல்ல ஷூ

வண்டிக்குள்ளேயே பிரசவம் நடந்தால் உடை முழுக்க ரத்தமும் பனிக்குட நீரும் படும். அதே உடையில் அடுத்த நோயாளியைத் தொடுவது இருவருக்கும் ஆபத்து. மாற்று உடை ஒரு செட், சாக்ஸ், அழுக்கு உடையைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். இரவுப் பனிக்கு ஸ்வெட்டர், மழைக்கு ரெயின்கோட். பெண் ஊழியர்களுக்கு நாப்கினும் இந்தப் பட்டியலில் உண்டு.

வண்டி போகாத இடமும் இருக்கிறது. இதே மாவட்டத்தின் போதமலையில் சாலை இல்லாததால் நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி வந்த காலம் நமக்குத் தெரியும். சாலை முடியும் இடத்தில் இருந்து ஸ்ட்ரெச்சரோடு நடக்கணும் என்றால், வழுக்காத ஷூதான் முதல் பாதுகாப்பு.

5. ஊசி குத்திட்டா?

பலரும் மறப்பது இதைத்தான். கையுறையும் மாஸ்க்கும் வண்டியில் இருக்கும். ஆனால் ஓடும் வண்டியில் ஊசி கையில் குத்திவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் வேண்டும். 30-வது வளைவில் குழாய் எங்கே? அதனால் குடிநீர் போக, கழுவுவதற்கென்றே ஒரு பாட்டில் தனியாக, கூடவே ஒரு துண்டு சோப்பு. காயத்தைப் பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கவும் கூடாது.

அடுத்து மருத்துவமனையில் தெரிவிக்கணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸ் (முதல் ஊசி, 1 மாதம், 6 மாதம்) போட்டதற்கான அட்டையின் நகல் பையில் இருந்தால், அடுத்து என்ன செய்வது என்று டாக்டரால் உடனே முடிவெடுக்க முடியும்.

6. போனும் காகிதமும்

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. பவர் பேங்க் வேண்டும், நெட் இல்லாமல் திறக்கும் மேப் வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பகுதி கிராம சுகாதார செவிலியரின் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைப்பது. போன் அணைந்தாலும் காகிதம் அணையாது. ஐடி கார்டு, ஓட்டுநர் உரிமம் கட்டாயம்.

எதையெல்லாம் வீட்டிலேயே விட்டுடணும்?

மோதிரம், வளையல், தொங்கும் செயின். மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கும், கையுறை கிழியும். பதறும் நோயாளி செயினைப் பிடித்து இழுக்கலாம். சொந்த மாத்திரை இருந்தால் அது உங்களுக்கு மட்டும், நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

2008-ல் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியதில் இருந்து கூப்பிட்டால் வண்டி வரும் என்பது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் பசியோடும் தலைசுற்றலோடும் வரும் ஊழியரால் நம் வீட்டு நோயாளியை முழு கவனத்தோடு பார்க்க முடியாது. அவர்கள் முன் சீட்டில் இரண்டு நிமிடம் சாப்பிடுவதைப் பார்த்தால் வீடியோ எடுக்க வேண்டாம். மலையில் இருந்து 108-க்கு அழைத்தால் ஊர்ப் பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி என ஒரு அடையாளத்தையும் சொல்லுங்கள். சாலை பிரியும் இடத்தில் டார்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள். எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும், வழி காட்டும் ஆள் அதில் இருக்க மாட்டார்.