காலையில் இளசு, மாலையில் மூப்பு

போர்ட் ஒயின் முதிர 40 ஆண்டுகள்கூட ஆகலாம். தென்னங்கள்ளுக்கு ஒரு பகல் போதும். ஆனால் திருவனந்தபுரத்தில் அந்த ஒரு பகலை முழுதாகச் சுவைப்பது அரிதாகி வருகிறது.

காலை மணி 9. நெய்யாற்றின்கரையைத் தாண்டி, தமிழக எல்லையை நோக்கிச் செல்லும் சாலையிலிருந்து சற்று விலகி நிற்கிறது அந்த ஓட்டுக் கட்டடம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல்: கள்ளு. பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு ஜாடி வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன் மரத்திலிருந்து இறக்கியது. இளநீரில் சிறிது பாலைக் கலந்தது போன்ற நிறம். நாக்கில் முதலில் தெரிவது இனிப்பு. பிறகு மெல்லிய சுறுசுறுப்பு. போதை என்று சொல்ல எதுவுமில்லை.

இதே ஜாடியை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைக்க வேண்டும் என்றதும் பரிமாறுபவர் ஏற இறங்கப் பார்க்கிறார். கள்ளுக்கடைக்கு வருபவர்கள் இப்படியெல்லாம் கேட்பதில்லை.

இந்த விபரீத ஆசைக்குக் காரணம் போர்ச்சுகல். பழைய விண்டேஜ் போர்ட் ஒயினைச் சுவைப்பது எப்படி என்ற ஆங்கிலக் குறிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்காக மேஜைக்கு வந்திருந்தது. டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சர்க்கரை தங்கிவிடுகிறது. மிகச் சிறந்த ஆண்டுகளின் ஒயினுக்கு மட்டுமே விண்டேஜ் பட்டம்: 1963, 1977 போல. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்து, இருட்டறையில் 20, 30, 40 ஆண்டுகள் படுக்க வைக்கிறார்கள்.

வேடிக்கை பாட்டிலைத் திறந்த பிறகுதான் தொடங்குகிறது. வண்டல் கலங்காமல் ஒயினை வேறு ஜாடிக்கு இறுத்ததும் முதலில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். ஒரு மணி நேரத்தில் பழம் தெரியும். பிறகு உலர்ந்த அத்தி, மசாலா, கொக்கோ என்று மணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஓரிரு நாளில் களை இழந்துவிடும். இப்படிக் காற்றுப்பட்டு மாறுவதைத் 'திறந்துகொள்வது' என்கிறது ஆங்கிலம். தமிழில் அப்படி எழுதினால் கதவோ குடையோதான் நினைவுக்கு வருகிறது. சரியான சொல்லைத் தேடித்தான் கள்ளுக்கடைக்கு வர வேண்டியிருந்தது.

பகல் மணி 12. ஜாடியின் விளிம்பில் நுரை கட்டியிருக்கிறது. இனிப்பு பாதி போய்விட்டது. மெல்லிய புளிப்பும், மூக்கில் ஏறும் ஒரு வாசனையும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. மரச்சீனிக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன் கறியும் எதற்காக மேஜைக்கு வந்தன என்பது இப்போது புரிகிறது.

உள்ளே நடப்பது எளிமையான ரசாயனம். விரியாத பாளையைக் கட்டி, பல நாள் மெல்லத் தட்டி, நுனியைச் சீவினால் சொட்டும் சாற்றில் சுமார் 15 சதவீதம் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முதலில் புளிப்பு, கூடவே ஆல்கஹால், கடைசியில் காடி. தென்னங்கள்ளில் ஆல்கஹாலுக்குக் கேரள அரசு விதி முன்பு வைத்திருந்த உச்ச வரம்பு 8.1 சதவீதம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இந்தக் கடிகாரம் ஓடாது; சர்க்கரை அப்படியே நிற்கும். அதுதான் பதநீர், குமரி மாவட்டத்துக்காரர்களின் அக்கானி. டோரோவில் சாராயம் செய்யும் வேலையை இங்கே சுண்ணாம்பு செய்கிறது.

காத்திருந்து குடிப்பது தமிழனுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் வரும் 'தேறல்' என்ற சொல்லுக்கே தெளிந்தது என்றுதான் பொருள்: அடிவண்டலை விட்டு மேலே இறுத்த மது. மூங்கில் குழாயில் அடைத்து முற்றவைத்ததும், மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்ததும் அந்தப் பாடல்களில் உண்டு. வெளிநாட்டுச் சரக்கும் உண்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பருகி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர் (புறநானூறு 56). எர்ணாகுளம் மாவட்டம் பட்டணத்தில், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007இல் தொடங்கிய அகழாய்வில், ஒயின் வந்த மத்தியதரைக்கடல் சாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. கள்ளை ஆண்டுக்கணக்கில் காக்கும் வழியை இன்று இலங்கையில் பார்க்கலாம். அங்கே தென்னங்கள்ளைக் காய்ச்சி இறக்கிய சாராயத்தை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் முதிர வைக்கிறார்கள்.

காய்ச்சாத கள்ளுக்கு அந்த வசதி இல்லை. அது மரத்தடியிலிருந்து சில மணி நேரத் தொலைவுக்குள் மட்டுமே உயிர்வாழும் பானம். சிக்கலும் அங்கேதான். பாளை சீவுபவர் நாளுக்கு மூன்று முறை மரமேற வேண்டும். மழையில் வழுக்கும், விழுந்தால் பிழைப்பே போய்விடும். தொழிலாளர் நல நிதிக்குக் கேரளம் 1969இலேயே சட்டம் கொண்டுவந்தும் இளைஞர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்குகிறார்கள். கேரளத்தின் கள்ளில் பெரும்பங்கு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத் தோப்புகளில் இறங்கி, வண்டியேறிப் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. சித்தூரிலிருந்து தலைநகருக்குச் சுமார் 300 கிலோமீட்டர். அத்தனை தூரம் வரும் கள்ளுக்கு இளமை என்ற பருவமே வழியில் கழிந்துவிடும்.

கழிந்த இனிப்பைச் சாக்கரினாலும், குறைந்த போதையை வேறு ஏதாவதாலும் ஈடுகட்டும் ஆசை அப்போதுதான் வருகிறது. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் விஷம் கலந்த கள் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இளங்கள்ளின் ருசி தெரிந்த நாக்குக்குக் கலப்படம் பிடிபடலாம். அந்த ருசியே தெரியாத தலைமுறைக்கு எதை ஊற்றினாலும் கள்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருவனந்தபுரத்தின் செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, கள் இறக்குவதையே குலத்தொழிலாகச் சுமந்த தம் மக்களிடம், மதுவை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்றார். மரமேறியின் மகன் மரமேறாமல் பள்ளிக்கூடம் போனது அந்தச் சமூகத்தின் வெற்றி. அதைக் கள்ளின் ருசிக்காகக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலோ வாதமே வேறு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் சீமைச் சரக்கை அரசே கடை வைத்து விற்கிறது.

மாலை மணி 5.30. ஜாடியில் மிச்சமிருப்பதை வாயில் வைத்தால் கண் சுருங்குகிறது. இனிப்பின் தடயமே இல்லை. புளிப்பு, லேசான கசப்பு, தலைக்குள் ஒரு கனம். பரிமாறுபவர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

"மூத்துபோயி, சாரே."

தேடிவந்த சொல் இதுதான். காலையில் இளங்கள், மாலையில் மூத்த கள். மனிதருக்கும் மதுவுக்கும் ஒரே வினைச்சொல். தமிழிலும் அதே வேர்தான். நாம்தான் அதை மனிதருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். அந்த ஆங்கிலக் குறிப்பில் இனி ஒயின் திறந்துகொள்ளாது. மணிக்கு மணி மூக்கும்.

ஜாடியின் அடியில் எஞ்சியதை அவர் கொட்டவில்லை. ஆப்ப மாவுக்கு ஆகும் என்று உள்ளே எடுத்துப் போகிறார். 1977இன் பாட்டில் இன்னும் பல ஆண்டுகள்கூட யாருக்காகவாவது காத்திருக்கும். நாளைக் காலை இங்கே இளங்கள் கிடைக்க வேண்டுமென்றால், விடிந்ததும் ஒருவர் மரமேறியாக வேண்டும்.